ஆணி அடிக்கக் கூடாத கடை

“இல்லைங்க, எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு ஒழுகாது.”

ஒழுகுமான்னு யாரும் கேக்கவே இல்ல. கடை பாக்க வந்த மூக்குக்கண்ணாடிக்காரர் வாசல்ல குனிஞ்சு ஷூவ அவுத்துக்கிட்டு இருந்தார். அவுக்கச் சொன்னது கட்டடத்துச் சொந்தக்காரர், நம்ம டைல்ஸ்காரர். உள்ள தரை பளபளன்னு கெடந்துச்சு. அதுல யாராவது ஷூவோட நடந்தா அவருக்கு நெஞ்சு மேல நடக்கற மாதிரி.

“எலியும் கெடையாதுங்க,”ன்னார் அடுத்து. “முன்னாடி இங்க கடிகாரம் ரிப்பேர் பண்ணவர் செத்தது ஆஸ்பத்திரிலதான். இங்க இல்ல.”

கண்ணாடிக்காரர் அவுத்த ஷூவத் திரும்ப மாட்டினார். “வீட்டுல கலந்துக்கிட்டு சொல்றேங்க.”

இப்படி கலந்துக்கிட்டு சொல்றேன்னு போனவங்க பதினோரு பேர். ஒரு வருஷமா கலந்துக்கிட்டேதான் இருக்காங்க.

டைல்ஸ்காரரையும் குத்தம் சொல்ல முடியாது. முப்பத்திரெண்டு வருஷம் அடுத்தவன் வீட்டுத் தரைய குத்த வச்சு உக்காந்து ஒட்டின மனுஷன். பூசி, தட்டி, தொடச்சு, தரைய கையில குடுப்பார். மறுநாள் கூலி வாங்கப் போனா அதே வீட்டுக்காரர், “செருப்ப வெளிய விடுப்பா, தரை அழுக்காயிடும்”பார். இவரும் விட்டுட்டு நிப்பார். கடைசியில மேல வீடு, கீழ ஒரு கடைன்னு சொந்தமா ஒண்ணு கட்டி வாடகைக்கு விட்டார். கடிகாரக்காரர் போன கையோட கடைக்குள்ள தரைக்கும் சுவருக்கும் உசுரக் குடுத்து டைல்ஸ் பதிச்சார். ஒரு ஆணி அடிச்சா போதும், தன் தலையில அடிச்ச மாதிரி துடிச்சுப் போவார்.

இதுக்கு நடுவுல டாக்டர் முட்டியப் படம் புடிச்சுப் பாத்துட்டு, “இனிமே குத்த வச்சு உக்காந்தீங்கன்னா அப்புறம் எந்திரிக்க மாட்டீங்க”ன்னுட்டார். வேலைய விடணும்னா கடைக்கு ஆள் வரணும். வாடகை வந்தாத்தான் முட்டிக்கு ஓய்வு. அந்த நேரம் பாத்து மக பொறந்த வீட்டுக்கு வந்து, பொம்பளப் பிள்ளையப் பெத்துக் குடுத்தா. அந்தக் கை இருக்கே, வெத்தலக் காம்பு கணக்கா அஞ்சு வெரலு! அது இவரு கட்டைவெரல ஒரு புடி புடிச்சுச்சு பாருங்க, மனுஷன் அங்கேயே காலி.

“இன்னும் ஒரு வருஷத்துல ஓட ஆரம்பிச்சிடுவா. பின்னாடி யாரு ஓடறது? உங்க முட்டியா?”ன்னு பொண்டாட்டி கேட்டா. அதுக்கப்புறம்தான் அவருக்குப் பயம் வந்து புரோக்கரக் கூப்பிட்டார்.

புரோக்கர் வந்ததும் வெளிய தொங்கற போர்டப் படிச்சார். ‘கடை வாடகைக்கு. செருப்பைக் கழட்டவும். ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் சாயக் கூடாது.’

“அண்ணே, இது ஆளக் கூப்பிடற போர்டா, வெரட்டற போர்டா?”

“ஒழுங்கான ஆளு வரட்டும்னுதான்.”

“வர்றவன் உள்ள வந்து நின்னா, என் மேசைய இங்க போடலாம், கல்லாவ அங்க வைக்கலாம்னு அவன் கடை அவன் கண்ணுல தெரியணும். நீங்க உங்க டைல்ஸையே காட்டிக்கிட்டு இருக்கீங்க. முதல்ல கொஞ்சம் வெளிச்சம் போடுங்க, முன்னாடி எடத்த நீட்டா வைங்க. அப்புறம், வாய மூடிக்கிட்டு இருங்க.”

முதல் ரெண்டையும் மறுநாளே செஞ்சார். பதினெட்டு லைட்டு போட்டார். உள்ள போனவனுக்கு ஆபரேஷனுக்குப் படுக்க வந்த மாதிரி இருந்துச்சு. முன்னாடி யாரும் வண்டிய நிறுத்திடக் கூடாதேன்னு குறுக்க சங்கிலி கட்டினார். வண்டியும் வரல, ஆளும் வரல. மூணாவது மட்டும் முடியல.

அந்த வாரமே எதிர்த் தெரு தையல்காரம்மா கேட்டு வந்துச்சு. “அண்ணா, துணி தொங்கவிட நாலு கம்பி மாட்டணும். சுவத்துல எட்டே எட்டு ஓட்டை.”

“எட்டா? அதுக்கு என் கண்ண நோண்டிக்கம்மா!”

அந்தம்மா போயிருச்சு. மறுவாரம் அவரு முட்டிக்குத் துணியச் சுத்திக்கிட்டு, யாரோ ஒருத்தர் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டப் போனார்.

அப்புறம் வெயில் வந்துச்சு. மேல வீடு அடுப்பு மாதிரி கொதிக்குது, குழந்தை மத்தியானமெல்லாம் வீல் வீல்னு கத்துது. மக கேட்டா, “அப்பா, கீழ கடை சில்லுன்னுதானே இருக்கு? அங்க தொட்டில் கட்டலாமே?”

கடைக் கூரையில கொக்கி மாட்டினாத்தான் தொட்டில். டைல்ஸ்காரர் ஏணியப் போட்டார், டிரில் மெஷின எடுத்தார், கண்ண மூடிக்கிட்டு ஓட்டையப் போட்டு, கொக்கிய அடிச்சு மாட்டினார். எறங்கும்போது கை நழுவி சுத்தியல் விழுந்து, தரையில ஒரு டைல்ஸ் மூலை தெறிச்சுச்சு. அவரு குனிஞ்சுகூடப் பாக்கல. கொக்கியப் புடிச்சுத் தன் முழு கனத்தையும் போட்டுத் தொங்கிப் பாத்துட்டு, “தாங்கும்”னார்.

பத்து நாளா ஷட்டர் பாதி தெறந்தே இருந்துச்சு. சங்கிலி போச்சு, பதினெட்டுல ஒரே லைட்டு. போன வாரம் தையல்காரம்மா, மக சொல்லி பேத்திக்குத் தச்ச சட்டையெல்லாம் கை நெறைய எடுத்துக்கிட்டு வந்துச்சு. கை ரெண்டும் நெறஞ்சிருந்ததால செருப்போட நேரா உள்ள வந்துருச்சு.

டைல்ஸ்காரர் வாயத் தெறந்தார். பொண்டாட்டி வெரல உதட்டுல வச்சா. தொட்டில்ல பிள்ளை இப்பத்தான் கண்ண மூடியிருக்கு.

தெறந்த வாய மூடினார். பதினாலு மாசத்துல முதல் தடவையா, ஒரு ஆளு அந்தக் கடைய நிம்மதியா நின்னு பாத்துச்சு. சன்னல் பக்கம் போச்சு, வெளிச்சம் பாத்துச்சு, கையால நீளம் அளந்துச்சு. எலி இல்லைன்னு யாரும் சொல்லல. யாரும் செத்த கதையும் வரல.

“மெஷின் இங்க, வெட்டற மேசை அங்க,”ன்னு தனக்குத்தானே முணுமுணுத்துச்சு. அப்புறம் அண்ணாந்து கொக்கியப் பாத்துச்சு. “அண்ணா, இங்க ஓட்டை போடக் கூடாதே?”ன்னு குசுகுசுன்னு கேட்டுச்சு.

அவரு பதிலுக்குக் கையக் கால ஆட்டினார். என்ன சொல்ல வந்தாரோ தெரியாது. பொண்டாட்டி நடுவுல புகுந்து, “சரிங்கறாரு”ன்னு முடிச்சு வச்சா.

இன்னைக்குக் காலையில தையல் மெஷின்கள் வந்து எறங்குச்சு. கம்பி மாட்ட வந்தவன் சுவத்துல எட்டு எடத்துல பென்சில்ல குறி போட்டான். டைல்ஸ்காரர் நாற்காலியில முட்டிய நீட்டி உக்காந்து, எட்டையும் எண்ணி முடிச்சிட்டு, தையல்காரம்மாகிட்ட சொன்னார்:

“எங்க வேணா அடிச்சுக்கம்மா. அந்த நடுக் கொக்கிய மட்டும் கழட்டிடாத. மத்தியானம் ரெண்டு மணி நேரம் அதுல வேற ஆள் குடித்தனம்.”