நொய் போடாத களி

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் ஜாம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். நான் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது ஐந்தே மாதம். என்னையும் அழைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் ஒரே பதில்தான் வரும்: "இங்கத்திய சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது."

அந்தச் சாப்பாட்டின் பெயர் ந்ஷிமா. எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். மனுஷர் அதை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்ட வேண்டும், உப்பு கூடாது, தொட்டுக்கொள்ள மல்லாட்டைப் பொடி, அதாவது வேர்க்கடலைப் பொடி, போட்ட கீரை. இதற்காகவா இந்தப் பாடு படுத்துகிறார் என்று எரிச்சலாக வந்தது.

அனந்தபுரம் சந்தையில் மக்காச்சோளம் வாங்கி வந்து மாவு மிஷினில் கொடுத்தேன்.

"இன்னாம்மா, மாட்டுக்கா?" என்றார் மிஷின்காரர்.

"எனக்குத்தாங்க. ஜல்தியா அரைச்சிக் குடுங்க, அடுப்பு காஞ்சிக்கினு கெடக்குது."

தண்ணீர் கொதித்ததும் என் கை தானாக ஒரு பிடி நொய்யை அள்ளிப் போட்டுவிட்டது, உப்பையும் சேர்த்து. எங்கள் பக்கம் கேப்பைக் களி என்றால் முதலில் அந்த உடைத்த அரிசி வேக வேண்டும். கிண்டி முடித்து வாயில் வைத்தால் நம் வீட்டுக் களிதான். இது யாருக்குத்தான் ஒத்துக்கொள்ளாது! என்னை நானே ஏமாற்றிக்கொள்கிற வேலை என்று பட்டது. பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்துவிட்டு மறுபடி தண்ணீர் வைத்தேன். இந்த முறை மாவை மட்டும் கொட்டி, தோள் வலிக்கத் துடுப்பால் கிண்டினேன்.

சப்பென்றுதான் இருந்தது. கீரையோடு இறங்கியது. எதிரில் யாரும் இல்லாததால் "நல்லாத்தாங்க இருக்குது" என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் வேறெதுவும் சமைக்கவில்லை. வயிறும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எழுதினேன்: "ஒரு வாரமாக ந்ஷிமாதான் சாப்பிடுகிறேன். நன்றாக ஒத்துக்கொள்கிறது. எப்போது வரட்டும்?"

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எச்சில் கையோடு ஓடுவேன். கடைசியில் வந்த கடிதத்தில் ஊர் மழையை விசாரித்திருந்தார், வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியதை விசாரித்திருந்தார். ந்ஷிமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிக்கும்போது, "இங்கே கொடுத்திருக்கும் வீடு சின்னது, உனக்கு வசதிப்படாது" என்று எழுதியிருந்தார்.

சாப்பாடென்றால் சமைத்துப் பார்க்கலாம். வீட்டை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? அவருக்கு நான் வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நன்றாக அழுதேன். பிறகு பசித்தது. டப்பாவில் மிச்சமிருந்த மாவைக் கிண்டினேன், உப்புப் போட்டு, இரண்டு பிடி நொய்யும் போட்டு.