பனிக்காகப் பூட்டிய கம்பி

எண்பதுகளில் சுவிட்சர்லாந்தின் லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தேன். நானும் நண்பர் சிவமும் ஒரு வாடகை வீட்டின் நான்காம் மாடியில், கூரைக்கு நேர்கீழே இருந்த அறையில் குடியிருந்தோம். ஒரு மழைக்குப் பிறகு கட்டிலின் மேல் ஒழுகியது.

"வீட்டுக்காரிக்குச் சொல்லுவம்," என்றார் சிவம்.

"ஒரு ஓட்டுக்கோ? ஊரில மாரிக்கு முன்னம் நான்தான் ஏறி ஓடு மாத்திறனான்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கூரை யன்னலால் வெளியே இறங்கினேன். ஊரில் நான் ஏறியது காய்ந்த ஓட்டில். இதுவோ நனைந்து பாசி பிடித்த செங்குத்துக் கூரை. இரண்டாம் அடியிலேயே சறுக்கினேன். பனி சரிந்து தெருவில் போவோர் தலையில் விழாதபடி விளிம்பில் பூட்டியிருந்த இரும்புக் கம்பிதான் என் கால்களைத் தடுத்தது. சிவம் நாங்கள் உடுக்கும் இரண்டு சாரங்களை முடிந்து எறிந்து என்னை இழுத்தெடுத்தார்.

மறுநாள் வீட்டுக்காரி அனுப்பிய கூரை வேலைக்காரர் வந்தார். ஒரே ஒரு ஓடு மாற்ற, தலை நரைத்த அந்த மனிதர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்! பிறகு அந்தக் கம்பியின் ஒவ்வொரு திருகாணியையும் அசைத்துப் பார்த்தார். வருடந்தோறும் பனிக்கு முன் அப்படிப் பார்ப்பாராம். என்னைத் தாங்கியது அவருடைய அந்தக் கவனம்தான்.

இப்போது ஒழுகினால் தொலைபேசியைத்தான் எடுக்கிறேன். வருகிற கூரை வேலைக்காரர் இறங்கி வந்ததும், ஒழுக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே என் அரைகுறை ஜெர்மன் மொழியில் கேட்டுவிடுவேன்: "கம்பி உறுதியாக இருக்கிறதா?"