ஒரு கைக்குத் தைலம், மறு கைக்கு வெறும் எண்ணெய்

சிமெண்டின் உறுதியைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் குறித்து எடுத்து, இயந்திரத்தில் வைத்து நொறுக்க வேண்டும். எவ்வளவு பாரத்துக்கு நொறுங்குகிறதோ அதுதான் அதன் உறுதி. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பணிக்காலம் முழுவதும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, "அம்மாவுக்குத் தெரியாத நடைமுறையே கிடையாது" என்று மேடையில் சொன்னார்கள். அது பாராட்டா, பெருமூச்சா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆகவே பங்குனியில் ஒருநாள் காலை என் மருமகள் காபி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்து, "அத்தை, தோலு இறுகியிருக்கா இல்லையான்னு எப்படி டெஸ்ட் பண்றது?" என்று கேட்டபோது, என் வாயில் முதலில் வந்த பதில் அவளுக்கு உதவவில்லை.

"நொறுக்கிப் பாக்கணும்."

"விளையாடாதீங்க அத்தை. நிஜமா கேக்கறேன்."

நிஜமாகத்தான் கேட்டாள். என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் பாதி நாள் அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்பதே எங்களுக்குத் தெரியாது. மருமகள் சென்னையில் ஒரு அலுவலகத்தில் இருந்தாள். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு இருக்க அரியலூருக்கு வந்தவள், பெரம்பலூரில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வெட்டிவேர்த் தைலம் வடிக்க ஆரம்பித்திருந்தாள். வேர் திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரை மணலில் விளைந்தது. கழுவி, நறுக்கி, பெரிய அண்டாவில் போட்டு ஆவியில் நாள் முழுக்க வேகவைத்தால், கடைசியில் ஒரு சின்னக் குப்பியின் அடிப்பாகம் நனையும். அதைச் சொட்டுச் சொட்டாகச் செக்கு நல்லெண்ணெயில் கலந்து, தோலுக்குப் பூசும் எண்ணெயாக்கினாள்.

திருச்சியில் அழகுப் பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா அதைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். ஒரே நிபந்தனை. குப்பியின் மேல் 'தோலை இறுக்கி இளமை தரும்' என்று போட வேண்டும். அந்தக் கடையில் இருந்த எல்லாக் குப்பிகளிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

"தெரியாததை எப்படி அத்தை போடறது? இறுக்குதுன்னு தெரிஞ்சா போடறேன். இல்லன்னா மூட்டையக் கட்டிட்டு சென்னைக்கே போயிடறேன். ஆனி பொறக்கறதுக்குள்ள வரியா இல்லையான்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க."

அவள் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது நானும், என் கணவரும், அவருடைய செய்திச் சேனல்களும்தான். எண்ணெய் தேற வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆசைப்படுகிறவர் அளக்கக் கூடாது என்பது எந்தச் சோதனைக்கும் முதல் விதி. அதைச் சொல்லி விலகிக்கொள்ளப் பார்த்தேன்.

"உங்களை விட்டா வேற ஆளு கிடையாது அத்தை. உங்களுக்குத்தான் மூக்கு இல்லையே."

கொரோனா வந்துபோன பிறகு என் மூக்கு எனக்கு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட்டது. ரசம் கொதிப்பதும் சாக்கடை பெருகுவதும் எனக்கு ஒன்றுதான். ஒரு கைக்கு வெட்டிவேர் எண்ணெயும் மறு கைக்கு வெறும் நல்லெண்ணெயும் பூசினால், அளக்கிற எனக்கு எந்தக் கை எதுவென்று தெரியவே தெரியாது. இப்படி ஒரு தகுதிக்காக நான் எங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. ஒத்துக்கொண்டேன்.

கருவி நான் செய்தது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் மருந்துக் குப்பியின் மூடி. மூடியைக் கையில் அழுத்தி, சிரிஞ்சைக் குறித்த கோடு வரை இழுத்தால், உள்ளே தோல் குமிழாக எழும்பும். விட்டதும் எவ்வளவு சீக்கிரம் சமமாகிறது என்பதை மருமகளின் போனில் மெதுவாக ஓடும்படி படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் சோதனை என் கணவரின் வயிற்றில்.

"வயசான காலத்துல என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

"உங்க தொப்பையில துள்ளல் மிச்சம் இருக்கான்னு பாக்கறோம்."

"இருக்கா?"

"எழும்பினது உக்கார மாட்டேங்குது."

"அப்ப என்னை வெறும் எண்ணெய் கோஷ்டியில போட்டுடுங்க. நல்ல எண்ணெய வீணாக்காதீங்க."

மருமகளின் அம்மா வீடு தா.பழூரில். கோடையில் வயல் வேலை இல்லாத நேரம். அந்தத் தெருவில் நடவு நடுகிற எட்டுப் பெண்களைச் சம்பந்தியம்மா கூட்டி வைத்திருந்தார். வெயிலும் சேறும் பார்த்த கைகள். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று மறுநாள் வரை பொறுத்திருந்து பார்த்தோம். பிறகு இரண்டு கையையும் அளந்து குறித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு குப்பி கொடுத்தோம். இரவில் மட்டும் பூச வேண்டும், இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரு கைக்குப் பூசிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மறு கைக்கு என்று நான் விதிகளை அடுக்கினேன்.

"இத்தனை தடவ கழுவுனா இருக்குற தோலும் போயிடுமேங்க" என்றாள் ஒருத்தி.

"அக்கா, டீச்சரம்மா சொல்றத கேளு. இல்லன்னா பெஞ்சு மேல ஏத்திடுவாங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஒவ்வொருவருக்கும் எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் வாங்கி, கையெழுத்தும் வாங்கினேன். உறிஞ்சிய இடத்தில் சில நாள் சிவப்பாக வட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். நடைமுறையில் ஓட்டை இல்லை என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வாரம் போய் மறுபடி அளந்தபோதும் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு கையிலும் தோல் முன்னைவிடச் சீக்கிரம் படிந்தது. எது தைலக் கை என்று கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்கு நாலாம் நாள் சம்பந்தியம்மாவிடமிருந்து போன்.

"சம்பந்தி, இங்க தெருவுல அம்மை போட்டிருக்குங்க. ஒண்ணு இல்ல, எட்டு வூட்லயும்."

"எந்த எட்டு வீடு?"

"நம்ம எட்டு வூடுதான்."

அடுத்த பஸ்ஸில் நானும் மருமகளும் கிளம்பினோம். வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. முதல் வீட்டுக்கு முன்னால் ஒரு கிழவி காவல் இருந்தார். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியின் மாமியார். முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

"அங்கயே நில்லுங்க. உள்ள வரக்கூடாது. மருமவ கையில முத்து எறங்கியிருக்கு, வட்ட வட்டமா. அடுத்த வூட்டுலயும் பாத்தேன், அங்கயும் அதே வட்டம்."

வீட்டில் அம்மை என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தாளிப்புக் கிடையாது. சட்டியிலும் எண்ணெய் இல்லை, தலையிலும் இல்லை, கையிலும் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மன் இறங்கும்வரை எண்ணெய் என்ற பேச்சே கூடாது. எங்கள் பதினாறு குப்பிகளும் பரண் ஏறியிருந்தன.

கிழவியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் மருமகள்காரி எட்டிப் பார்த்தாள். 'சொன்னேன், நம்பலை' என்று சைகை காட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பேரிடமும் சம்மதம் வாங்கியிருந்தோம். அவர்களுடைய மாமியார்களிடம் வாங்கவில்லை.

என் மருமகள் அங்கேயே உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "தண்ணி ஊத்துற வரைக்கும் வாயத் தொறக்காத. பாதியில நிறுத்தினா நாளைக்கு யாருக்கு ஜொரம் வந்தாலும் நம்ம வூட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க."

திரும்பும்போது மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பையில் இருந்த குப்பி கசிந்திருக்க வேண்டும். கண்டக்டர், "யாருங்க வெட்டிவேர் கொண்டாந்தது? பஸ்ஸே கோயிலாட்டம் இருக்கு" என்றார். அவள் நிமிரவில்லை.

"முடிஞ்சுது அத்தை. ஆனிக்குள்ள இன்னொரு தரம் முதல்லேர்ந்து பண்ண நாள் கிடையாது."

"பாழாப்போன சோதனையிலயும் ஒரு அளவு எடுக்கலாம். ரெண்டு கைக்கும் எண்ணெய் நின்னுபோச்சு. தண்ணி ஊத்தினதும், மறுபடி எண்ணெய் படறதுக்கு முன்னாடி அளந்தா, எந்தக் கையில என்ன தங்கியிருக்குன்னு தெரியும்."

"என்னமோ பண்ணுங்க" என்றாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் போய் அளந்தேன். அதன் பிறகுதான் எந்தக் கை எது என்று மருமகள் வாயைத் திறந்தாள். எண்ணெய் நின்றதும் இரண்டு கையும் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. ஐந்து பேருக்குத் தைலக் கை இம்மியளவு முந்தி நின்றது. இரண்டு பேருக்கு வித்தியாசமே இல்லை. ஒருத்திக்கு வெறும் எண்ணெய்க் கை முந்தியது. ஏன் என்று அவளையே கேட்டேன்.

"அது வாசனையில்லாத கைங்களா, பாக்கப் பாவமா இருந்துச்சு. அதுக்கு மட்டும் ரெண்டு தரம் தேச்சேன்."

அவளை மட்டும் கணக்கிலிருந்து விலக்கினால் முடிவு அழகாகிவிடும். விலக்குவதற்கு முறையான காரணமும் இருந்தது. மருமகள் சென்னைக்குப் போகும் ரயில் என் காதில் கேட்டுக்கொண்டும் இருந்தது. ஆனால் அழகான முடிவுகளை நான் ஆலையிலேயே நம்பியதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் சொன்னேன்.

"இறுக்கும்னு சொல்ல ஆதாரம் பத்தாது. இறுக்காதுன்னு சொல்லவும் பத்தாது."

"அப்ப என்னதான் சொல்லலாம்?"

"நல்லெண்ணெய் நல்லதுன்னு சொல்லலாம்."

அவள் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் இது துக்கம் கொண்டாடுவதற்குச் சமம்.

அந்த வாரமே வேறொரு கூத்து ஆரம்பித்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து, உடையார்பாளையத்திலிருந்து, யார் யாரோ மருமகளைப் போனில் கூப்பிட்டார்கள். "அம்மைத் தழும்பு இல்லாம பண்ற எண்ணெய் இருக்காமே, உங்ககிட்டதானா?" விசாரித்தால், தா.பழூர்க் கிழவியின் பிரசாரம். எட்டு வீட்டில் அம்மை இறங்கியது, ஒரு கையில்கூடத் தழும்பு இல்லை, இவர்கள் முன்னாலேயே பூசி வைத்த எண்ணெய்தான் காரணம் என்று கிழவி ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார். திருச்சிக் கடை எடுப்பதாகச் சொன்னதைவிட அதிகமான குப்பிகளுக்கு ஆள் இருந்தது. மருமகள் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டுமே.

மறுநாள் காலை அவள் சிரிஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "அத்தை, தா.பழூருக்கு வரீங்களா?"

இந்த முறை வாசலில் வேப்பிலை இல்லை. கிழவி எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தார். மருமகள் மோரைக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஆயா, அது அம்மை இல்ல. நாங்க அளந்த வட்டம்."

"ஏன்டி, ஆத்தா வரலன்னு சொல்லவா அரியலூர்லேர்ந்து பஸ் புடிச்சு வந்த?"

"ஆத்தாளப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல ஆயா. உங்க கையக் குடுங்க."

மூடியை வைத்து அழுத்தி, சிரிஞ்சை இழுத்தாள். கிழவியின் தோல் குமிழாக எழும்பி, விட்டதும் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. சற்று நேரத்தில் அங்கே சிவப்பாக ஒரு வட்டம். கிழவி அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து அவருடைய மருமகள் சொன்னாள். "நானும் இதத்தான சொன்னேன்."

"நீ வாயால சொன்ன. கொழாயக் காட்டுனியா?" என்று திரும்பாமலே பதில் போனது. "அத்தன நாளு தாளிக்காத கொழம்ப நானுமில்ல தின்னேன்." பிறகு என் மருமகளிடம், "சரி, தழும்பும் போவாது. தோலு இறுகுமான்னும் தெரியாது. பின்ன எதுக்குடி இந்த எண்ணெய்?"

"அதத்தான் ஆயா பாத்துக்கிட்டிருக்கோம். இன்னும் தெரியல."

கிழவி கொஞ்சம் யோசித்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். "இந்தக் கைக்கு வாசனையானதக் குடு. அந்தக் கை கரண்டி புடிக்கிற கை, அதுக்கு வெறும் எண்ணெய் போதும். எங்க தெருவுல எல்லாரும் மொறையா பூசுறாளுங்களான்னு நான் பாத்துக்கறேன். பாவம் பாத்து எவளாவது ரெண்டு தரம் பூசட்டும், வச்சுக்கறேன்."

நாங்கள் புறப்படுவதற்குள் தெருவில் பாதிப் பேரிடம் தன் வட்டத்தைக் காட்டிவிட்டார். புதிதாக ஆறு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். என் வேலைநாளில் இப்படி ஒரு மேற்பார்வையாளர் கிடைத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பஸ்ஸில் மருமகள் முதலில் திருச்சிக்குப் பேசினாள். 'தோலுக்கு இதம்' என்று மட்டும்தான் போடுவேன், மற்றதைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். மறுமுனையில் அந்த அம்மா ஏமாற்றமாக ஏதோ சொல்லி, கடைசியில் ஒரே ஒரு பெட்டி மட்டும் அனுப்பச் சொன்னார். பிறகு சென்னை அலுவலகத்துக்கு நீளமாக எதையோ தட்டினாள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது முறையல்ல. எட்டிப் பார்த்தேன். வரவில்லை என்று எழுதியிருந்தாள்.

மாமியார்களிடம் முதலில் சம்மதம் வாங்க வேண்டும் என்று இப்போது விதிகளில் சேர்த்திருக்கிறோம். என் மருமகள் இங்கேயே தங்குகிற விஷயத்தில் மட்டும் மாமியாரான என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் பிகு பண்ணிவிட்டுக் கொடுத்திருப்பேன்.