முன்சக்கர ஹப்பும் ஒரு கை கிரீஸும்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தது இரண்டே பேர். நானும், ரிப்பேருக்கு வந்த வண்டியை ஓட்டும் சடையன் அண்ணனும். முதலாளி கீழே போளூரில் இருந்தார். எனக்கு வேலை காட்ட வேண்டிய சீனியர் மெக்கானிக், மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போன மாதமே இறங்கிப் போய்விட்டார். போனில் டவரும் இல்லை.

ஜமுனாமரத்தூரில் முதலாளி புதிதாகத் திறந்த கிளை ஷெட் அது. நான் கணியம்பாடி பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தேன். ஷெட்டிலேயே படுக்கை. பகலில் ஸ்பேனர் சத்தம், இருட்டுகிற நேரத்தில் கடைசி பஸ் இறங்குகிற சத்தம், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசாத நாட்கள் உண்டு.

வண்டி வருவதற்கு முன்பே முதலாளி சொல்லியிருந்தார்: "அந்த ஊர்க்காரங்க வண்டி மேடு ஏறிச்சின்னா, மலைல இருக்கற அத்தினி ஜீப்பும் நம்ம கிட்ட வரும். இல்லன்னா ஷெட்ட மூடிட்டு நீயும் வூட்டுக்குக் கெளம்பு." எனக்கு வீட்டுக்குப் போவது என்றால் செங்கல் சூளைக்குப் போவது. அப்பா என்னைப் படிக்க வைத்ததே நான் அங்கே வரக்கூடாது என்றுதான்.

அது பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். நான்கு குடும்பங்கள் கூட்டாக வாங்கியது. அவர்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. சாமை மூட்டைகளோடு செங்குத்தான மண் பாதையில் ஏறினால்தான் ரோடு. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். மேடு வந்தால் டிரைவர் இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் உள்ள குமிழை 'லாக்'கில் திருப்ப வேண்டும். உள்ளே ஒரு பல் வளையம் நகர்ந்து ஆக்சிலையும் சக்கரத்தையும் பிணைக்கும். அதுதான் லாக்கிங் ஹப். இந்த வண்டியில் பற்கள் தேய்ந்துபோய், மேட்டில் கடகடவென்று வழுக்கின.

ஹப்பின் மூடியான கேப்பில் இருந்த ஆறு போல்ட்டையும் ஆலன் கீ போட்டுக் கழற்றினேன். பிடிப்புக்குப் போட்டிருந்த சர்க்ளிப்பை எடுத்து, பழைய ஹப்பை வெளியே இழுத்தேன். சடையன் அண்ணன் ஒரு டயர் மேல் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா நைனா, எந்த ஊரு?"

"கணியம்பாடி."

"கண்ணாலம் ஆயிடிச்சா?"

"இல்லண்ணா."

"இங்க தனியாவா கீற? பேச்சுத் தொணைக்குக் கூட ஆள் இல்லியே."

"ம்."

புது ஹப்பில் விரலால் மெல்லிசாக கிரீஸ் தடவினேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாய்யா, விபூதி பூசற மாதிரி பூசற? நல்லா அள்ளி வையி."

"இவ்ளோ போதும்ணா."

"ஏன், ஓனரு அளந்து குடுத்தாரா?"

நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்திலும் இதே கணக்குதான். டிராக்டரோ பம்புசெட்டோ, கிரீஸ் வெளியே பிதுங்கினால்தான் மெக்கானிக் மனசு வைத்து வேலை செய்தான் என்பார்கள். மாட்டி முடித்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, லாக் போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஆக்சிலும் கூடவே சுற்றியது. வண்டி போய்விட்டது. ஷெட் பழையபடி அமைதியாகிவிட்டது.

சந்தை நாள்

அந்த வாரச் சந்தைக்கு வண்டி வரவில்லை. முனியம்மா அக்கா நடந்தே வந்தார். வாங்கிய நான்கு குடும்பத்தில் அவருடையதும் ஒன்று.

"ஐ.டி.ஐ. படிச்ச புள்ளன்னு நம்பி உட்டோம். லாக்கு போட்டும் முன்சக்கரம் இழுக்கல. மூட்டையோட பின்னாடியே வந்து பாறைல மோதிக்கிச்சி. பின் டோரு போச்சி. சாமை பூரா சேத்துல."

"யாருக்காவது அடி…"

"இல்ல. வவுறுதான் எரியுது."

டீக்கடை வரைக்கும் அது கேட்டது. இரண்டு நாள் ஷெட்டுக்கு யாரும் வரவில்லை. டவர் கிடைத்த ஒரு நேரத்தில் முதலாளி போனில் பிடித்தார். "சாமான கட்டி வச்சிடு. ஞாயித்துக்கெழம ஆள் அனுப்பறேன்."

இரவெல்லாம் அந்த ஹப்பை மனசுக்குள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கே தப்பு என்று தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. காலையில் டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஊருக்கு நடந்தேன். பனி விலகவில்லை. வழியில் ஒருவரும் எதிர்ப்படவில்லை.

வண்டியைச் சுற்றி நான்கு குடும்பமும் நின்றது. சடையன் அண்ணன் மட்டும் தள்ளி நின்றார். கேப்பைத் திறந்தேன். உள்ளே வெண்ணெய்ப் பானை மாதிரி கிரீஸ், விளிம்பு வரைக்கும். குளிரில் இறுகிக் கிடந்தது. வளையம் நகர இடமே இல்லை. வெளியே குமிழ் மட்டும் 'லாக்' என்று காட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் சடையன் அண்ணனே முன்னால் வந்தார். "நான்தான் வச்சேன். தம்பி கஞ்சத்தனம் பண்ணிட்டான்னு நெனச்சேன். ஆலன் கீ வாங்கியாந்து நானே அடைச்சேன்."

"அடப்பாவி! வரகரிசிச் சோத்துக்கு நெய் ஊத்த மாட்ட, வண்டிக்கு மட்டும் இப்படி ஊத்துனியா?" என்றார் முனியம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், தலையைக் குனிந்துகொண்டு.

டீசல் விட்டுக் கழுவினேன். மறுபடியும் மெல்லிசாகத் தடவினேன். இந்த முறை வேலை செய்துகொண்டே சொன்னேன்: கிரீஸ் நிறைந்தால் வளையம் நகராது, பனியில் இன்னும் இறுகும், பேரிங்குக்கு வேண்டிய அளவு வேறு, இதற்கு வேறு. மீதி மூட்டைகளை ஏற்றினார்கள். வண்டி நிற்காமல் மேடு ஏறியது. நான் பின்னாலேயே ஓடினேன்.

மேலே வண்டியை நிறுத்திவிட்டு சடையன் அண்ணன் கேட்டார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, நைனா? ஒரு பகல் பூரா உன் பக்கத்துலயே தான குந்தினு இருந்தேன்?"

தனியாக இருந்து இருந்து, கை செய்வதை வாய் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. இப்போது ஷெட்டுக்கு ஜீப்புகள் வருகின்றன. வருகிறவரை பக்கத்தில் உட்கார வைத்து, எதற்காக எதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் கழற்றுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

அந்த வண்டிக்காக நான்கு குடும்பங்களுக்கும் ஆன செலவு பதினேழாயிரத்து நானூறு ரூபாய். அதில் பதினோராயிரம் ஹப்புக்கு. டோருக்கும் சேற்றில் போன சாமைக்கும் ஆன மீதி ஆறாயிரத்து நானூறு, நான் பேசாமல் இருந்ததற்கு.