அக்காவின் பரிசச்சேலை

என்னைப் பெற்றவள் முகம் எனக்குத் தெரியாது. இடுப்பில் வைத்து வளர்த்தவள் அக்கா. அவளுக்குப் பரிசம் போட்ட அன்று கட்டிய சிவப்புப் பட்டுச்சேலையில் என் அரைஞாண் மாட்டி முந்தானை கிழிந்தது. அடிக்கவில்லை. கைக்குக் கிடைத்த பச்சை நூலால் தைத்துக்கொண்டே, "இனி இதக் கட்டுறப்பெல்லாம் ஒன் நெனப்புத்தாம்லே வரும்" என்று சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பே வாந்திபேதி அவளைக் கொண்டுபோய்விட்டது.

கன்னியாகச் செத்தவள் எங்கள் பக்கத்தில் வீட்டுச்சாமி. அவள் சேலையை ஓலைப்பெட்டியில் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, விளக்கேற்றிக் கும்பிடுவோம். வீட்டில் ஒரு பெண் சமைந்தால்தான் பெட்டியைத் திறப்பது. சடங்கன்று அவளுக்குக் கட்டுவதும் அந்தச் சேலைதான். நடுவில் திறந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

பாகம் பிரித்தபோது நாங்கள் பிறந்த பெரிய வீடு, கிணறு, நஞ்சை எல்லாம் அண்ணனுக்கு. நான் அக்கா பெட்டியை மட்டும் கேட்டேன். அண்ணன் புதுக்கயிறு கட்டி, கண்கலங்க என் தலையில் தூக்கி வைத்தார். "ஆத்தா மாதிரி வளத்தவ. தரையில வச்சுறாத தம்பி."

அந்தப் பெட்டியோடுதான் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு நடந்து ஏறினேன். துரைமார் காட்டை அழித்துத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். கூலிக்கு மரம் வெட்டினேன், ஏலக்காய் மூட்டை சுமந்தேன். பிறகு சொந்தமாகக் கழுதை, பிறகு வண்டி, பிறகு வியாபாரம். கம்பத்து ராவுத்தர்மார் என் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே விலை சொல்வார்கள். அப்படி ஒரு பேர் எனக்கு. கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. படித்தவர்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் கொடுத்தது அக்கா என்றுதான் வெள்ளிக்கிழமைதோறும் பெட்டி முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

யுத்த காலத்தில் என் மூத்த மகள் சமைந்தாள். சடங்குக்கு அண்ணனும் மதினியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கயிற்றை அறுத்தேன்.

உள்ளே ஒரு நீல நூல்சேலை. மில் முத்திரைகூட அழியவில்லை.

கூட்டத்தில் ஒரு கிழவி, "என்னப்பா, ஒங்க சாமி மில்லுல இருந்தா வந்துச்சு?" என்றாள். சிரித்தார்கள்.

"பரிசச்சேல எங்கண்ணே?"

அண்ணன் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "பெரிய வீட்டுலதான் இருக்கு. சாமி வாசப்படி தாண்டுனா குடும்பம் வெளங்காதுன்னு ஒன் மதினி சொன்னா. ஒனக்குந்தான் ஒரு கொறையும் வரலையே. எந்தத் துணியக் கும்பிட்டா என்ன?"

அவர்களுக்கு எல்லாமே ஆண் பிள்ளைகள். அந்தச் சேலையைக் கட்ட அங்கே ஒரு பெண் கிடையாது.

என்னை ஏய்க்க ஒருத்தன் பிறக்கவில்லை என்று சந்தையில் மார்தட்டுகிறவன் நான். ஏய்த்தவரோ எனக்கு முன்னால் பிறந்தவர், கண்ணீரோடு பெட்டியைத் தூக்கிவிட்டவர். அன்று மகள் அவள் அம்மாவின் கல்யாணச் சேலையில் உட்கார்ந்தாள். பெரிய வீட்டு வாசலை அதன்பிறகு நான் மிதிக்கவில்லை. அண்ணன் செத்ததற்கும் போகவில்லை.

காரியம் முடிந்ததும் அவருடைய மூத்த மகன் ஓர் ஓலைப்பெட்டியோடு வந்தான். "சித்தப்பா, இத ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டுத்தான் அய்யா கண்ண மூடுனாக."

அதே மாதிரி மஞ்சள் கயிறு. என் வீட்டுக்காரி, "பிரிச்சுத்தான் பாருங்களேன். பச்ச நூல் இருந்தாத் தெரிஞ்சுறப் போகுது" என்றாள்.

பரணில் தூக்கி வைத்தேன். பேத்தி சமைந்தபோதும் இறக்கவில்லை. அக்கா அதற்குள் இருக்கலாம். ஆனால் அது அண்ணன் போட்ட முடிச்சு.