செல்டம்

எனக்குப் பத்து வயதில், ஒரே ஓர் ஆங்கில வார்த்தையைக் கொண்டு அக்காவின் கல்யாணத்தை நடத்திவைத்தேன். எங்கள் குடும்பத்தில் இதை இன்றுவரை யாரும் மறுத்ததில்லை.

அக்காவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் ரயில்வே வேலை. காபி கொண்டுபோனவள் நான். கால் இடறி, பாதித் தம்ளரை அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டிவிட்டேன். அப்பா முறைத்தார். மாப்பிள்ளையோ சிரித்துக்கொண்டே, துவைத்தால் போய்விடும் என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவும் சிரித்தது எனக்கு மட்டும் கேட்டது.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்தாரோ என்னவோ, நான்கு பக்கமும் ஆங்கிலம். தென்காசியில் எங்கள் தெருவில் ஆங்கிலம் தெரிந்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா ஒருவர்தான். அவருக்குப் பிள்ளை கிடையாது. அக்காவைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர். அவர் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பையன் செல்டம் கோபப்படுவான் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.

“செல்டம்னா?” என்றார் அப்பா.

“எந்நேரமும்னு அர்த்தம், அத்தான்.”

மகனின் குணத்தை மறைக்காமல் எழுதிய அந்தப் பெரிய மனிதரை அப்பா மனதாரப் பாராட்டினார். ஆனால் பெண்ணைக் கொடுக்க முடியாது என்று எழுதிவிடச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் எழுதித் தருவதாக மாமா ஒப்புக்கொண்டார். அன்று ராத்திரி அக்கா சாப்பிட வரவில்லை.

எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. எந்நேரமும் கோபப்படுகிறவர் என் காபிக்கு ஏன் சிரித்தார்? இதைச் சொல்லப்போய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். விடிந்ததும் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கடிதத்தை எடுத்து, எழுத்துக்கூட்டித் தேடி, எஸ்ஸில் தொடங்கிய அந்த ஆறு எழுத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

சாரல் தொடங்கியிருந்த நேரம். அன்று அம்மாவும் சித்தியும் குற்றாலத்துக்கு வண்டி கட்டினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வண்டியை அவிழ்த்துவிட்ட இடத்துக்கு எதிர்வீட்டில், பாளையங்கோட்டையிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு டீச்சரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அருவிக்குப் போன பிறகு நான் அந்த வீட்டுப் படியேறிக் காகிதத்தை நீட்டி, இதற்கு எந்நேரமும் என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன்.

டீச்சரம்மா உள்ளேயிருந்து துண்டில் சுற்றிய தலையணை அகல அகராதியைக் கொண்டுவந்தார். என்ன பொருள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகவே அதைப் பிரித்தார்.

“எந்நேரமும் இல்லட்டி. அதுக்கு நேர்மாறு. அத்தி பூத்தாப்ல, என்னைக்காவது ஒருக்க.”

அதோடு விடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தை செல்டன் என்று இருந்ததாம். அபூர்வம், விசித்திரம் என்பதெல்லாம் அதன் வேரிலேயே இருக்கிறதாம். எப்போதோ ஒருமுறை நடப்பதைத்தானே மனிதர்கள் அதிசயம் என்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டபடி என் காகிதத்திலேயே அர்த்தத்தைத் தமிழில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். காகிதம் நனைந்துவிடும் என்று நான் அருவிப் பக்கமே போகவில்லை. குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் திரும்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா மேஜையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நின்றார். நான் காகிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, செல்டன் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு மாமாவைப் பார்த்தார். சமையலறை வாசலில் அக்கா வந்து நின்றாள். மாமா அவளையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“புள்ள சொல்லுததுதான் சரி, அத்தான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, சம்மதம் என்று புதுத்தாளில் அவரே எழுதினார்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பந்தலில் எல்லார் முன்னிலையிலும் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார். அப்பா ஆலங்குளம் சந்தை வரைக்கும் என் கதையைச் சொன்னார். வார்த்தையும் அவரோடு ஒட்டிக்கொண்டது. இந்த வருஷம் மழை செல்டம் என்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவையே ஆங்கிலத்தில் தோற்கடித்தவள் அல்லவா? அக்காவை ரயிலேற்றிய அன்று, பம்பாய் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்று மாமா ஸ்டேஷனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து நான் ஆசிரியை வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதி மாமாவிடம் காட்டினேன். ஐம்பது தாண்டியவர், கண்ணாடிகூட இல்லாமல், நான்கு இடத்தில் திருத்தினார். நான்கும் சரியான திருத்தம். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்டம் பற்றிய கேள்வி வாய்வரை வந்துவிட்டது.

மாமா தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்காவிடமிருந்து இந்த வாரம் கடிதம் வந்ததா என்று கேட்டார்.