கூடைக்குள் இடியப்பப் புல்

ஈஸ்டருக்குச் சாக்லேட் முட்டைகள் அடுக்கும் கூடைக்குள் பிளாஸ்டிக் புல் வைக்கக் கூடாதாம். கிண்டர்கார்டனில் கடைசி நாளில்தான் சொன்னார்கள். புல் இல்லாத கூடை வேண்டாம் என்று மகள் ஒரே அழுகை. நான் எரிச்சலோடு, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழ்க்கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணை பெரிய மீசைக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். புல்லுக்குப் பதிலாக என்ன வைக்கலாம் என்று கேட்டதும் மூடினார்.

“கீரைச்சாறு விட்டு இடியப்பம் பிழியுங்கோ, தங்கச்சி. புல்லு மாதிரியே இருக்கும்.”

“உங்களுக்கென்ன விசரோ?”

வேறு வழியில்லாமல் பிழிந்தேன். கிண்டர்கார்டன் பிள்ளைகள் சாக்லேட் முட்டைகளை விட்டுவிட்டுப் புல்லைத் தின்று முடித்தார்கள். மகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடைக்கார அண்ணையிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடினார்.

“தொட்டுச் சாப்பிடத் தேங்காய்ச் சம்பல் குடுத்தனீங்களோ?”

“முட்டைக் கூடைக்குள்ள சம்பலோ?”

“பின்னை, வெறும் இடியப்பத்தையோ தின்னக் குடுத்தனீங்கள்? பாவம் பிள்ளையள்.”

அந்த மனிதர் எனக்குச் சொன்னது புல்லா, சாப்பாடா என்று இன்றும் விளங்கவில்லை.